ஐந்து மாதப் பிள்ளைக்குக் கிளவுஸ் பின்னுகிறேன், சரிதானா?

கேள்வி: மூணாறில் குண்டளை பக்கம் தேயிலை எஸ்டேட் லயத்தில் இருக்கிறோம். என் தம்பிக்குப் பையன் பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. தம்பி மனைவிக்கு லீவு முடிகிறது. தை பிறந்ததும் பிள்ளையைக் காலையிலேயே கிரச்சில் விட்டுவிட்டுத்தான் கொழுந்தெடுக்கப் போக வேண்டும். அத்தை முறைக்கு நானே ஏதாவது செய்து போடலாமே என்று உல்லன் வாங்கி ஒரு ஜோடி கிளவுஸ் பின்னினேன். மேலே முயல் படம் வருகிற மாதிரி இரண்டு கலர். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் போட்ட ஐந்து நிமிஷத்தில் உதறிவிடுகிறான். மணிக்கட்டில் கயிறு வைத்துக் கட்டலாமா, எலாஸ்டிக் கோக்கலாமா? கட்டை விரலுக்குத் தனி இடம் வேண்டுமா? என் அம்மா, "பிள்ளை கை சில்லுன்னு கெடக்கு, ராத்திரியும் போட்டு விடு" என்கிறார். ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சி, "எந்நேரமும் கையை மூடி வைக்காதீங்க" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? எனக்கு நிட் (நேர்ப் பின்னல்), பர்ல் (எதிர்ப் பின்னல்) தெரியும். பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் பின்னியிருக்கிறேன்.

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

பிள்ளை கையில் இன்றைக்கே போடப்போகிற விஷயம் என்பதால் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கயிறு வேண்டாம், எலாஸ்டிக்கும் வேண்டாம். கட்டை விரலுக்குத் தனி இடம் இந்த வயதில் தேவையில்லை. அந்த முயல் கிளவுஸை எடுத்து உள்ளே வையுங்கள், பிள்ளைக்குப் போடாதீர்கள். அம்மா சொல்வதிலும் சேச்சி சொல்வதிலும் ஆளுக்குக் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ராத்திரி விஷயத்தில் மட்டும் நான் முழுக்க சேச்சி பக்கம்.

முயலைப் போடாதே என்றால் மனசு கஷ்டப்படும், தெரியும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கலரில் படம் பின்னும்போது ஒரு கலர் முன்பக்கம் கண்ணியாக (ஊசியில் விழுகிற வளையமாக) விழுகிற நேரத்தில் இன்னொரு கலர் பின்பக்கமாகச் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். முயலின் இரண்டு காதுக்கும் நடுவே ஆறு கண்ணி இடைவெளி இருந்தால், உள்பக்கத்தில் ஆறு கண்ணி நீளத்துக்கு ஒரு நூல் எதிலும் பிடிக்காமல் தொங்கும். கிளவுஸைப் புரட்டிப் பாருங்கள், வரிவரியாகத் தெரியும். பெரியவர்கள் ஸ்வெட்டரில் இது ஒரு குற்றமே இல்லை. கை மாட்டினால் நாமே எடுத்துவிட்டுக்கொள்வோம். ஐந்து மாதப் பிள்ளையின் விரல் அந்த நூலுக்கு அடியில் சுலபமாக நுழைந்துவிடும். பிள்ளை கையை மடக்குவான், விரிப்பான், திருகுவான். நூல் விரலைச் சுற்றிக்கொள்ளும். விரல் வீங்க ஆரம்பிக்கும், வீங்க வீங்க நூல் இன்னும் இறுகும், ரத்த ஓட்டம் நின்றுபோகும். இவ்வளவும் கிளவுஸுக்குள்ளே நடப்பதால் வெளியே இருக்கிற யாருக்கும் தெரியாது. பிள்ளை வீறிட்டு அழுவான். பசிக்கிறதோ என்று பால் கொடுப்போம், வயிறு வலிக்கிறதோ என்று தோளில் போட்டுத் தட்டுவோம். கையை யாரும் பார்க்கமாட்டோம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. தலைமுடியோ நூலோ பிள்ளைகளின் கைவிரலில், கால்விரலில் சுற்றி இப்படி ஆவது குழந்தை மருத்துவர்களுக்கு நன்றாகப் பழக்கமான சங்கதி. கையுறையின் உள்ளே பிரிந்து கிடந்த நூலாலேயே இது நடந்திருக்கிறது. நேரத்தில் பார்க்காமல் விட்டால் விரல் நுனியே போய்விடும் அளவுக்கு முற்றும். அதனால் கிளவுஸ் போட்ட பிள்ளை காரணமில்லாமல் அழுதால் முதல் வேலையாகக் கழற்றி, பத்து விரலையும் விரித்துப் பாருங்கள். ஒரு விரல் மட்டும் சிவந்தோ நீலம் பாரித்தோ வீங்கியிருந்தால், அடியில் ஒரு கோடு மாதிரி பள்ளம் தெரிந்தால், நூல் இருக்கிறது என்று அர்த்தம். மேலாக இருந்து சுலபமாக வெட்ட முடிந்தால் வெட்டிவிடுங்கள். சதைக்குள் பதிந்துவிட்டது என்றால் வீட்டில் வைத்து நோண்டவேண்டாம், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

என்னிடம் பின்னல் படிக்கிறவர்கள் குழந்தைக் கிளவுஸைக் கொண்டுவந்து காட்டினால் டிசைனை நான் அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் உள்ளே புரட்டி, சுண்டுவிரலை விட்டு நுனிவரை துழாவுவேன். எங்காவது நகம் மாட்டிக்கொண்டால் அது பிள்ளைக்கு ஆகாது. அதே சோதனையை நீங்களும் ஒவ்வொரு தடவை போடும் முன்பும் செய்யுங்கள், பின்னி முடித்த அன்றைக்கு மட்டும் அல்ல. துவைக்கத் துவைக்க நூல் முனை வெளியே வரும்.

கடையில் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே என்று நினைத்துவிடாதீர்கள். பிறந்த குழந்தைக்கென்று தொப்பி, சாக்ஸ், கிளவுஸ் சேர்த்து செட்டாக விற்கிறார்களே, அதில் துணிக் கிளவுஸைப் புரட்டினால் ஓவர்லாக் தையலின் நூல் வாலாகத் தொங்கிக்கொண்டிருக்கும். புரட்டி, கத்தரித்து, பிறகுதான் போடவேண்டும். பழைய வேட்டியைக் கிழித்து உள்ளே லைனிங் கொடுக்கிறவர்களும் உண்டு. வேட்டித்துணி மிருதுதான், ஆனால் வெட்டிய ஓரத்திலிருந்து இழை இழையாகப் பிரியும், அதுவும் இதே ஆபத்து. லைனிங் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் பனியன் துணி எடுங்கள். வெட்டினால் ஓரம் சுருளுமே தவிர அவ்வளவு லேசில் நூல் விடாது. உண்மையில் இந்த அளவுக் கையுறைக்கு லைனிங்கே தேவையில்லை.

டிசைன் இல்லாமல் மொட்டையாக இருக்கிறதே என்றால், ஒரே நூலில் நிட்டும் பர்லும் மாற்றி மாற்றிப் போட்டுக் கட்டம் கட்டமாக எடுக்கலாம், உள்ளே ஒரு நூல்கூடத் தொங்காது. ஓட்டை ஓட்டையாக வருகிற லேஸ் டிசைன் வேண்டாம், விரல் வெளியே வந்து மாட்டும். பாசி, பட்டன், குஞ்சம் எதுவும் கூடாது. எல்லாம் நேராக வாய்க்குத்தான் போகும். முயலைத் தொப்பியில் உட்கார வையுங்கள், உள்ளே பனியன் துணி வைத்துத் தைத்துவிட்டால் அங்கே அதற்கு ஒரு தொந்தரவும் இல்லை.

சரி, எப்போது போடுவது, எப்போது கழற்றுவது என்பதுதான் அம்மாவுக்கும் சேச்சிக்கும் நடக்கிற வழக்கு.

உங்கள் பக்கத்துக் குளிர் எனக்குத் தெரியாததல்ல. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் செண்டுவாரை, குண்டளை, லெட்சுமி எஸ்டேட் பக்கமெல்லாம் சில நாள் விடியற்காலையில் பூஜ்யம் டிகிரியைத் தொட்டுவிடும். புல்வெளி வெளுத்துக் கிடக்கும், உறைபனி பட்ட கொழுந்து வெயில் ஏறியதும் கருகிப்போகும். ஆனால் அதே நாள் பதினொரு மணிக்கு முதுகில் வெயில் சுள்ளென்று உறைக்கும், ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வோம். நமக்குக் கழற்றத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. காலையில் மாட்டிவிட்டதை மத்தியானம் வரை அப்படியே விட்டுவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கிற தப்பு. லயத்திலிருந்து கிரச்சுக்குத் தூக்கிக்கொண்டு போகிற நேரம், சாயங்காலம் பனி இறங்கியபின் வெளியே போகிற நேரம், ஜீப்பிலோ பஸ்ஸிலோ போகும்போது, இதற்குத்தான் கிளவுஸ். வீட்டுக்குள் வந்ததும், கிரச்சில் இறக்கியதும் கழற்றிவிட வேண்டும்.

பிள்ளை கை சில்லென்று இருப்பதைப் பார்த்து அம்மா பயப்படுவது இயற்கை. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்குக் கையும் காலும் உடம்பைவிடச் சில்லென்றுதான் இருக்கும். பிறந்த புதிதில் கொஞ்சம் நீலமாகக்கூடத் தெரியும். கையைத் தொட்டு முடிவு செய்யாதீர்கள். உங்கள் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு பிள்ளையின் பிடரியையோ நெஞ்சையோ தொடுங்கள். அங்கே கதகதப்பாக இருந்தால் பிள்ளைக்குக் குளிரவில்லை. அங்கே வியர்த்துப் பிசுபிசுத்தால் துணி கூடிப்போய்விட்டது, ஒன்றைக் கழற்றுங்கள். நெஞ்சும் சில்லென்று இருந்து, பிள்ளை சோர்ந்து, பால் குடிக்காமல் கிடந்தால் கிளவுஸைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். தாயின் மாரோடு அணைத்துப் போர்த்தி, டாக்டரிடம் போங்கள். பச்சைப் பிள்ளைக்கு 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே உடம்பு குளிர்ந்துவிட்டது என்று கணக்கு. மாரோடு அணைப்பதைப் பாட்டி வைத்தியம் என்று நினைக்காதீர்கள். 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் ஒரு மருத்துவமனையில் இன்குபேட்டர் போதாமல், எடை குறைந்த பிள்ளைகளை அம்மாவின் நெஞ்சில் ஒட்டவைத்துக் காப்பாற்ற ஆரம்பித்தார்கள். இன்று ஆஸ்பத்திரிகளில் கங்காரு முறை என்று சொல்வது அதைத்தான். விடியற்காலையில் தூக்கிக்கொண்டு போகும்போது பிள்ளையின் கையை அம்மாவின் சால்வைக்குள் வைத்துக்கொண்டாலே பாதிக் குளிர் போய்விடும்.

சேச்சி சொல்வதற்கும் காரணம் உண்டு. பசி வந்தால் பிள்ளை முதலில் கையைத்தான் வாய்க்குக் கொண்டுபோவான், அழுகை அதற்குப் பிறகுதான். கை மூடியிருந்தால் அந்த அடையாளம் தவறிப்போகும். அதோடு ஐந்து மாதம் என்பது எட்டிப் பிடிக்கப் பழகுகிற வயது. உங்கள் தாலிச் சரடைப் பிடித்து இழுப்பதெல்லாம் அவன் படிக்கிற பாடம். மூடிய கையால் அதைப் படிக்க முடியாது. பால் குடிக்கும்போதும் கிளவுஸ் வேண்டாம். முகத்தைக் கீறிக்கொள்கிறான் என்று போட்டுவிடுகிறவர்கள் தூங்கும்போது நகத்தை வெட்டிவிட்டால் போதும்.

ராத்திரிக்கு ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், பிள்ளை தூக்கத்தில் கையைச் சப்புவான், கிளவுஸ் நனையும், நனைந்த கிளவுஸ் வெறுங்கையைவிட அதிகமாகக் குளிரும். விரலில் நூல் சுற்றினாலும் இருட்டில் யாரும் பார்க்கப்போவதில்லை. தூங்குகிற பிள்ளைக்கு உடம்பு அளவுக்கு மீறிச் சூடாவதும் ஆபத்து என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். முழுக்கை ஸ்வெட்டர், பேன்ட், சாக்ஸ், அது போதும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேட்கவில்லை என்றாலும். குளிருக்காகக் கதவை அடைத்துவிட்டு அறைக்குள் கரிக் கணப்பு வைத்துக்கொண்டு தூங்கும் பழக்கம் நம் மலைகளில் இன்னும் இருக்கிறது. அந்தப் புகையில் மணமில்லாத விஷவாயு உண்டு, குடும்பத்தோடு ஆளைக் கொன்றுவிடும். பிள்ளை இருக்கிற வீட்டில் அது அறவே வேண்டாம்.

இனி நூல். உல்லன் என்று கடையில் தருவதில் பெரும்பாலானது ஆட்டு ரோமம் இல்லை, அக்ரிலிக். சந்தேகமிருந்தால் ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். அசல் உல்லன் தலைமுடி கருகுகிற நாற்றம் அடித்து, தொட்டால் பொடியாகிற சாம்பலாக நிற்கும். அக்ரிலிக் உருகி, ஆறினதும் கெட்டியான கறுப்பு மணியாக முனையில் நிற்கும். இரண்டில் எது நல்லது என்றால், சூட்டுக்கு அசல் உல்லன்தான். தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் கைக்கு ஈரம் தெரியாது. ஆனால் யாராவது மறந்துபோய் வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கினால் சுருங்கிக் கெட்டியாகி, பொம்மைக்குத்தான் ஆகும். பிள்ளை துணியை மறந்துபோய் வெந்நீரில் போடாத வீடு எது? மட்ட உல்லன் தோலைக் குத்தவும் செய்யும். அதனால் எச்சிலும் பாலும் பட்டு தினமும் துவைக்க வேண்டிய கிளவுஸுக்கு மிருதுவான பேபி அக்ரிலிக்கே போதும் என்பேன். ஒரே ஒரு கட்டுப்பாடு: அக்ரிலிக் தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். விறகடுப்புக்கு முன்னால் பிள்ளையை மடியில் வைத்துக் குளிர்காய்கிற வீடு என்றால் அங்கே உட்காரும் முன் கிளவுஸைக் கழற்றுங்கள். பொசுபொசுவென்று முடி நீட்டிக்கொண்டிருக்கிற ஃபேன்சி நூல் வேண்டவே வேண்டாம், அந்த முடி உதிர்ந்து வாய்க்குள் போகும். பருத்தி நூல் நனைந்தால் சீக்கிரம் காயாது, இந்தக் குளிருக்குச் சரிவராது. அடர்ந்த சிவப்பு, கருநீலம் எடுத்தால், ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் விட்டால் பிள்ளை வாய்க்கு அது ஆகாது.

4 பிளை நூல் 50 கிராம் வாங்கினால் இரண்டு ஜோடி தாராளமாக வரும். ஊசி 10-ம் நம்பர் ஒரு ஜோடி, 12-ம் நம்பர் ஒரு ஜோடி. இந்த நம்பர் கூடக் கூட ஊசி மெலியும்: 10 என்பது 3.25 மில்லிமீட்டர், 12 என்பது 2.75. முதலில் 10-ம் நம்பரில் ஒரு சின்னத் துண்டு பின்னி அளந்து பாருங்கள். 10 சென்டிமீட்டருக்கு 28 கண்ணி வந்தால் நான் கீழே சொல்கிற கணக்கு அப்படியே பொருந்தும். அதைவிடக் குறைவாக வந்தால் உங்கள் கை தளர்வு, ஒரு நம்பர் மெல்லிய ஊசிக்குப் போங்கள். கூடுதலாக வந்தால் ஒரு நம்பர் தடித்த ஊசி. ஸ்வெட்டர் பின்னிப் பழகிய கைகள் இந்தத் துண்டைப் பின்னச் சோம்பல்படும். ஸ்வெட்டரில் அரை அங்குலம் கூடினால் யாருக்கும் தெரியாது, இவ்வளவூண்டு கிளவுஸில் அரை அங்குலம் என்றால் கழன்று விழும்.

உங்களுடையது கழன்று விழுவதற்கு மூன்று காரணம் இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். மணிக்கட்டில் இழுபட்டுப் பிடிக்கிற வரிப் பின்னலான ரிப் நீளம் போதாது, ரிப்பையும் கிளவுஸின் உடம்பையும் ஒரே ஊசியில் பின்னியிருப்பீர்கள், அப்புறம் ஸ்வெட்டர் கைக்கு மேலே மாட்டுகிறீர்கள். இதற்கு மருந்து கயிறு இல்லை. கயிறு இறுகினால் மணிக்கட்டை வெட்டும், அவிழ்ந்தால் வாய்க்குள் போகும், இரண்டு கிளவுஸையும் இணைத்துக் கழுத்து வழியாகப் போட்டால் கழுத்தையே சுற்றும். எலாஸ்டிக் பிள்ளையின் கொழுகொழு மணிக்கட்டில் தடம் பதித்துவிடும். நீளமான ரிப், மெல்லிய ஊசி, அவ்வளவுதான் சூட்சுமம். முதலில் கிளவுஸ், அதன்மேல் ஸ்வெட்டர் கை என்று போடுங்கள். ரிப் ஸ்வெட்டருக்குள்ளே ஒளிந்திருந்தால் பிள்ளையால் உதற முடியாது.

12-ம் நம்பர் ஊசியில் 38 கண்ணி போடுங்கள். போடும்போது மட்டும் தளர்வாக. கை இறுக்கமானவர்கள் கண்ணி போடுவதற்கு 10-ம் நம்பர் ஊசியை எடுத்துக்கொண்டு, முதல் வரியில் 12-க்கு மாறலாம். ஒரு நிட், ஒரு பர்ல் என்று ரிப் 5 சென்டிமீட்டர் வரை. பிறகு 10-ம் நம்பர் ஊசிக்கு மாறி, ஒரு வரி நிட், ஒரு வரி பர்ல் என்று 22 வரி நேராகப் பின்னுங்கள். கட்டை விரல் எல்லாம் கிடையாது. இந்த வயதில் கையை மூடித் திறந்துகொண்டே இருப்பான், அதனால் பை மாதிரி அகலமாக இருப்பதுதான் சௌகரியம். விரலை விரலாக நுழைக்க முயன்றால் நீங்களும் அழுவீர்கள், பிள்ளையும் அழுவான்.

இனி நுனியைக் குறைக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒரு நிட். பிறகு இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்கி நாலு நிட், இதை மட்டும் ஆறு தடவை, கடைசியில் ஒரு நிட். 32 கண்ணி நிற்கும். திரும்பி வருகிற வரி முழுக்கப் பர்ல். அடுத்த நிட் வரியில் சேர்த்ததற்குப் பிறகு நாலுக்குப் பதில் மூன்று நிட், 26 கண்ணி. மறுபடி பர்ல். அடுத்து இரண்டு நிட், 20. பர்ல். அடுத்து ஒரு நிட், 14. பர்ல். கடைசி வரியில் இரண்டு ஓரத்து ஒற்றை நிட் மட்டும் அப்படியே இருக்க, நடுவில் நிட்டே இல்லாமல் இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போனால் 8 கண்ணி நிற்கும். ஒரு முழம் நூல் விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து, எட்டுக் கண்ணி வழியாகவும் இரண்டு சுற்று ஓட்டி இறுக்குங்கள். மணிக்கட்டிலிருந்து நுனிவரை கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் இருக்கும், ஐந்தாறு மாதப் பிள்ளைக்கு இந்தக் குளிர்காலம் முழுக்க வரும்.

அந்த மிச்ச நூலிலேயே பக்கவாட்டை மூடலாம். இரண்டு ஓரத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தைத்தால் உள்ளே தடிப்பாக ஒரு வரப்பு நிற்கும். அதனால் முன்பக்கம் பார்த்தபடி பக்கம் பக்கமாக வைத்து, இந்த ஓரத்தில் ஒரு குறுக்கு இழை, அந்த ஓரத்தில் ஒரு குறுக்கு இழை என்று மாற்றி மாற்றி எடுத்து இழுத்து வாருங்கள். தையல் போட்ட இடமே தெரியாது. நூல் முனைகளை உள்ளே முடிச்சுப் போட்டு வெட்டாதீர்கள். முடிச்சு உறுத்தும், அவிழவும் அவிழும். அக்ரிலிக் வழுக்குகிற நூல், ஒரே திசையில் இரண்டு தையல் ஓட்டிவிட்டால் மூன்று துவைப்பில் வால் வெளியே வந்துவிடும். முனையை விரல் நீளம் விட்டு, தைத்த மடிப்புக்குள்ளேயே முன்னால் ஓட்டி, திரும்பப் பின்னால் ஓட்டி, பிறகு ஒட்ட வெட்டுங்கள். உங்களுக்கு நாலு ஊசி வைத்துச் சுற்றிச் சுற்றிப் பின்னத் தெரிந்தால் இன்னும் நல்லது, தையலே வராது. அப்போது 36 கண்ணி, ஓரத்தில் போட்ட அந்த ஒற்றைக் கண்ணிகளை விட்டுவிட்டு இதே கணக்கு, கடைசியில் 6 கண்ணி நிற்கும்.

பின்னி முடித்ததும் பிள்ளைக்கு மாட்டி, ரிப்புக்குள் உங்கள் சுண்டுவிரல் நுழைகிறதா பாருங்கள். கால் மணி நேரம் கழித்துக் கழற்றினால் மணிக்கட்டில் தடம் இருக்கக் கூடாது. தடம் இருந்தால் அடுத்த ஜோடிக்கு ரிப்பை 11-ம் நம்பர் ஊசியில் பின்னுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, ஸ்வெட்டர் பின்னுகிறவர் என்பதால் உங்களுக்கு இது சுலபம். அடுத்த ஸ்வெட்டரில் கையை 6 சென்டிமீட்டர் கூடுதலாக நீட்டிப் பின்னுங்கள். வெளியே போகும்போது அது விரலை மூடித் தொங்கும், வீட்டுக்குள் வந்ததும் மடித்துவிட்டால் சாதாரண ஸ்வெட்டர் கை. கழன்று விழாது, தொலையாது, ஒற்றைக் கிளவுஸைத் தேடிக் கட்டிலுக்கடியில் குனிய வேண்டாம். கிரச்சுக்குப் போகிற பிள்ளைக்கு எனக்குப் பிடித்தது இதுதான். பின்னல்காரி கிளவுஸை விட்டுவிட்டு ஸ்வெட்டரைச் சொல்கிறாளே என்று பார்க்காதீர்கள்.

கிளவுஸே கொடுத்து அனுப்புவதாக இருந்தால் மூன்று ஜோடி பின்னிவையுங்கள். ஒன்று கையில், ஒன்று பையில், ஒன்று கொடியில். குளிர்காலத்தில் எல்லாப் பிள்ளையும் ஏதாவது ஒரு கிளவுஸோடு வரும், கலந்துபோகும். அடையாளத்துக்கு முதலில் கண்ணி போடுகிற அந்த ஒரு வரியை மட்டும் வேறு கலரில் போட்டுவிடுங்கள். அந்த ஓரம் மணிக்கட்டைத் தாண்டி இருப்பதால் விரலுக்குத் தொந்தரவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற ஆயாவிடம், உள்ளே வந்ததும் கழற்றிவிடச் சொல்லி, விரலைப் பார்க்கவும் சொல்லுங்கள். அத்தை பின்னியது என்று மரியாதைக்காக நாள் முழுக்கப் போட்டு வைத்துவிடப்போகிறார்கள்.

துவைக்க வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, விரித்துப் போட்டுக் காயவையுங்கள். பனிமூட்டம் விடாத நாட்களில் அடுப்புக்கு மேலே பரணில் போடத் தோன்றும், அக்ரிலிக்கை அங்கே போடாதீர்கள். அசல் உல்லன் என்றால் பச்சைத் தண்ணீர் மட்டும்.

அடுத்த மார்கழிக்கு அவனுக்கு ஒன்றரை வயது நெருங்கிவிடும், இந்த ஜோடி போதாது. அப்போது 44 கண்ணி போட்டு, முதல் குறைப்பில் நாலு நிட்டுக்குப் பதில் ஐந்து நிட் என்று ஆரம்பியுங்கள். நேராகப் பின்னுகிற வரியை அவன் கையை வைத்து அளந்து கூட்டிக்கொள்ளலாம். நடந்து திரிகிற பிள்ளைக்குக் கட்டை விரல் தனியாக இருந்தால்தான் எதையும் பிடிக்க முடியும், அதற்கான கணக்கு வேறு. அந்தச் சமயத்தில் எழுதுங்கள், சொல்கிறேன்.